மோட்டார் ஓடாத அரை மணி நேரம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தலைமை ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அந்த விஷயத்தைச் சொன்னபோதும் வந்தது. ஆனால் அவர் கன்னியாஸ்திரி. அவரிடம் போய்க் கோபத்தை எப்படிக் காட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பள்ளிக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடுதிப் பிள்ளைகள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜூன்ல புது லேப் வருது மிஸ். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கப் போறோம். அதைப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்னு மேலேயிருந்து சொல்லிட்டாங்க. நீங்க நெட்வொர்க்கிங் படிச்சு சர்டிபிகேட் கொண்டுவந்துட்டா நீங்களே இருங்க. நான் பேசிக்கிறேன்."

"இல்லேன்னா சிஸ்டர்?"

அவர் மேசைமேல் இருந்த ஒரு விண்ணப்பத்தை லேசாகத் தள்ளிவைத்தார். தலைகீழாகப் படிப்பதில் ஆசிரியர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். சித்தையன்கோட்டைப் பையன். பி.இ. கம்ப்யூட்டர். வயது என் அனுபவத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

என்னிடம் இருந்தது ஒரு கணக்குப் பட்டமும், தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்ப் படித்த ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோவும்தான். அந்த டிப்ளமோவை வைத்துக்கொண்டு பல வருஷம் அந்தப் பள்ளியில் ஓட்டிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பெட்டியைத் திறந்து காட்டி இது மானிட்டர், இது மவுஸ் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவள் நான். இப்போது என்னையே பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள்! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீடு. என் கணவர் பக்கத்திலேயே ஒரு இரும்புக் கடையில் விற்பனையாளர். விஷயத்தைக் கேட்டதும், "படிச்சிரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அவருக்கு எல்லாமே இரும்புக் கடைக் கணக்கு. ஆணி வேண்டுமா, எடுத்துப் போடு.

ரெண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, அந்தக் காலம். மின்வெட்டு முறை வைத்து வந்துகொண்டிருந்தது. ஒரு பல்கலைக்கழகம் இணையத்திலேயே நெட்வொர்க்கிங் பாடம் நடத்துவதாக விளம்பரம் பார்த்துச் சேர்ந்தேன். வகுப்பறை கிடையாது, பெஞ்சு கிடையாது, வாத்தியார் முகமும் கிடையாது. திங்கள்கிழமை பாடம் ஏறும். வாரக் கடைசியில் சின்னத் தேர்வு. நடுவில் எல்லோரும் ஒரு பக்கத்தில் கருத்து எழுத வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் வாரம் நான் "மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, "இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து, லீவு லெட்டர் மாதிரி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். மற்றவர்கள் எல்லாம் "ஹாய்" என்று இரண்டு வரி. எனக்குப் பதில் போட்ட ஒரு பெண், "மேடம், நீங்கள்தான் எங்கள் ஆசிரியரா?" என்று கேட்டிருந்தாள். அடக் கடவுளே! வெட்கத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மாதிரிப் படிப்பில் "ஏன் வரல?" என்று கேட்க ஆள் இல்லை. நாமேதான் நம்மைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். அதனால் எனக்கு நானே டீச்சர் ஆனேன். மாலை ஆறரைக்கு மேல் மின்வெட்டு இல்லாத நேரம் எனக்கு. டிவி கிடையாது. எட்டாம் வகுப்புப் படித்த மகள் ஒரு பக்கம் வீட்டுப் பாடம் எழுத, நான் இன்னொரு பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீடியோ பாடம் கேட்பேன். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவேன். தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவேன். ஒரு பெரிய வலையைச் சின்னச் சின்ன வலையாக எப்படிப் பிரிப்பது, எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த எண் கொடுப்பது என்கிற கணக்கு அது. சப்நெட் என்று பேர். நான் கணக்குப் பட்டதாரி, இதெல்லாம் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். முதல் மூன்று முறையும் தப்பு. கணக்கு டீச்சராக ஆகாமல் போனது நல்லதற்குத்தான் என்று கணவர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கேபிள் முனையில் வயர்களைப் பொருத்துகிற வேலை எனக்குப் பிடித்துப்போனது. எட்டு வயர், எட்டு நிறம், வரிசை மாறக் கூடாது. வெங்காயம் நறுக்கும்போது, தலை பின்னும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் அதையே முணுமுணுத்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். தவக்காலத்துச் சிலுவைப்பாதையில் முழங்காலில் நிற்கும்போதுகூட ஜெபத்துக்கு நடுவில் பச்சையும் பிரவுனும் வந்து நின்றன. ஆண்டவர் மன்னிப்பார் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரத் தேர்வில்தான் இடி விழுந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது என்று பார்த்தவர்கள் உண்டு. குழாய்த் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தால் புண்ணியம். வந்தாலும் அரை மணி, முக்கால் மணி. குழாய் வாசலில் ஒரு குழிக்குள் இருக்கும், தானாக மேலே ஏறுகிற வேகம் அதற்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் குழாயோடு ஒரு மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். மோட்டார் வைக்கக் கூடாது என்று சட்டம். எங்கள் தெருவில் மோட்டார் இல்லாத வீடு இல்லை. தண்ணீர் வந்த மறு நிமிஷம் தெரு முழுக்க மோட்டார்கள் ஓடும். ஓடினால் கரண்ட் தாழ்ந்துபோகும். டியூப்லைட் துடிக்கும், மிக்ஸி முனகும். மூன்றாவது வாரம் நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது என் கம்ப்யூட்டரும் உயிரை விட்டது. அந்தத் தேர்வில் எனக்குப் பாதி மதிப்பெண்கூட வரவில்லை.

தெருவிலேயே பெரிய மோட்டார் எதிர் வீட்டு அக்காவுடையது. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியபிறகு வாசலில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றார். தண்ணீர் இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் போய் நின்று கத்தினேன்.

"உங்க ஒரு மோட்டாரே தெருக் கரண்ட்டையெல்லாம் குடிச்சிருதுக்கா! நாங்கெல்லாம் மனுசங்களா இல்லையா?"

அவர் குழிக்குள் இருந்து நிமிர்ந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது, வசமாக மாட்டிக்கொண்டேன் என்று.

"ஏன், ஓ வீட்டு மோட்டாரு மட்டும் என்ன காத்துலயா ஓடுது? நான் தண்ணி எடுத்தா வயித்துப் பொழப்புக்கு எடுக்குறேன். நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே. பேசாம அந்தக் கம்ப்யூட்டரைத் தொறந்து அதுலயிருந்து ரெண்டு கொடம் தண்ணி புடிச்சுக்க, போ!"

தெருவே சிரித்தது. குடத்தோடு நின்ற ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தண்ணீரைச் சிந்தினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றிலிருந்து எனக்கும் அந்த அக்காவுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. மாவு வாங்கக்கூட இன்னொரு தெருவுக்குப் போனேன். அங்கே மாவு புளித்துக் கிடக்கும், இருந்தாலும் வீம்பு விடவில்லை.

மற்ற வாரத் தேர்வுகளில் நன்றாகவே வாங்கினேன். மிச்சம் இருந்தது இறுதித் தேர்வு. அதில் தேறினால்தான் சர்டிபிகேட். அதன் விதிகளை இரண்டு தடவை படித்தேன். ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். ஒன்றரை மணி நேரம். நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி உள்ளே வரலாம், ஆனால் கடிகாரம் நமக்காக நிற்காது. நேரம் முடிந்ததும் எழுதியது எழுதியபடி போய்விடும். நாளையும் நேரத்தையும் மட்டும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி நாள் பார்த்ததில்லை. அந்த மாதம் எங்கள் பகுதிக்கு மின்வெட்டு எந்நேரம் என்று விசாரித்து எழுதிவைத்தேன். பள்ளி நாள் ஆகாது. சனிக்கிழமை தெருக்கோடியில் ஒரு வீட்டுக் கட்டட வேலை, சத்தம் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பூசை முடிந்து வந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் மத்தியான மின்வெட்டுக்குள் முடித்துவிடலாம். தண்ணீர்? போன தடவை வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். செவ்வாய் அல்லது புதனுக்கு முன்னால் வராது. வால்வு திறக்கிற நகராட்சி ஆளை டீக்கடையில் பிடித்து என் கணவரும் கேட்டுவந்தார், செவ்வாய்தானாம். நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமையைப் பதிவு செய்தேன்.

இதற்கு நடுவில் என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அம்மன் கோயில் திருவிழா. சாமி எங்கள் தெரு வழியாக வருகிறது என்பதால் திருவிழாவுக்காக எங்களுக்கு முறை மாற்றி ஞாயிற்றுக்கிழமையே தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்போது நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கணவர் கடையில். மற்றபடி தெருவில் தண்ணீர்ச் செய்தி எதுவானாலும் எதிர் வீட்டு அக்கா வாய் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். அந்த வாய்தான் எனக்கு மூடிக்கிடந்ததே!

சனிக்கிழமையே மகளை எரியோட்டில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறு பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றி நைட்டியைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாராவது போன் பண்ணி இணைப்பைக் கெடுத்துவிடக் கூடாதென்று ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தேன். கணவரைக் கூப்பிட்டு, "யாரு வந்தாலும் உள்ள விடாதீங்க. என்னைக் கூப்பிடாதீங்க. வீடே தீப்பிடிச்சாலும் நீங்களே அணைச்சுக்கங்க," என்றேன்.

"தண்ணிக்கு எங்க போறது, தீயை அணைக்க?" என்றார் அவர். சிரிப்பு வரவில்லை எனக்கு. சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

முதல் பகுதி நன்றாகப் போனது. கேபிள் கேள்வி வந்தது, எட்டு நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அட, பரவாயில்லையே என்று தோன்றியது. இரண்டாம் பகுதியும் முடிந்தது. மூன்றாவது பகுதிதான் சப்நெட் கணக்கு, மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்குத்தான். காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு முதல் கணக்கைப் பாதி போட்டிருப்பேன். வாசல் குழாய் இருமியது.

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும், அந்தச் சத்தம். திண்டுக்கல்லில் பிறந்த எவளுக்கும் தூக்கத்தில்கூட அது கேட்கும். யாரோ, "தண்ணீ வந்துருச்சூ!" என்று தெருவைக் கிழித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் எழுந்துவிட்டேன். குடம் எங்கே என்று கண் தேடியது. அப்புறம்தான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது.

ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. தலைக்கு மேல் டியூப்லைட் துடித்தது. ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டது. யுபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி பழசு, கொஞ்ச நேரம்தான் தாங்கும். அவசர அவசரமாக அந்தக் கணக்கின் விடையைப் பதிந்து சேமித்தேன். அப்போது எங்கள் வாசலிலிருந்தே ஒரு மோட்டார் சத்தம். எங்கள் மோட்டார்!

"யோவ்!" என்றேன். கல்யாணமாகி அதுவரைக்கும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "மோட்டாரை நிறுத்துங்க! நிறுத்துங்க!"

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஓஸ் குழாயோடு, முகமெல்லாம் சந்தோஷமாக வந்து நின்றார். "தண்ணி வந்துருச்சுடி! அம்புட்டு வேகமா வருது!"

"எனக்குக் கரண்ட்டு போகுது!"

அவர் முகம் விழுந்துபோனது. ஓடிப்போய் நிறுத்தினார். ஆனால் எங்கள் ஒன்று நின்று என்ன ஆகப்போகிறது? தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. யுபிஎஸ் கத்துவதை நிறுத்தியது. திரை கறுத்தது. மோடத்தில் ஒரு விளக்கும் இல்லை.

"நீங்க போய்ச் சொல்லுங்க," என்றேன். வாசல் வரைக்கும் போனார். குழிகளில் குனிந்திருந்த பெண்களைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்து நாளுக்கு மேல் காத்திருந்து வந்த தண்ணீர். அதை நிறுத்து என்று எந்த வாயால் கேட்பார் பாவம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சித்தையன்கோட்டைப் பையனின் விண்ணப்பம் கண்ணுக்குள் வந்தது. செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினேன்.

எதிர் வீட்டு அக்கா மஞ்சள் சேலையில் இருந்தார், திருவிழா விரதம். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருக்க, ஓஸை நீல டிரம்முக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு டிரம்கள் காலியாக நின்றன.

"அக்கா."

திரும்பவில்லை.

"அக்கா, எனக்குப் பரீட்சை நடக்குது. கரண்ட் தாழ்ந்து கம்ப்யூட்டர் நின்னுபோச்சு."

"தண்ணி விட்டுருக்கான். கண்ணு தெரியுதுல்ல?"

"தெரியுதுக்கா. இது கடைசிப் பரீட்சை. இன்னிக்கு முடிக்கலேன்னா என் வேலை போயிரும்." சண்டை போடும்போது அவ்வளவு பெரிதாக இருந்த குரல், கெஞ்சும்போது வெளியே வரவே மாட்டேன் என்றது.

இப்போது திரும்பினார். என் வெறுங்காலைப் பார்த்தார். "யாரு சொன்னது, போயிரும்னு?"

"சிஸ்டர். வேற ஆளு ரெடியா இருக்கான்."

"எம்புட்டு நேரம் வேணும்?"

"அரை மணி நேரம்."

"தண்ணியே அரை மணி நேரந்தாண்டி வரும்!"

உண்மைதானே. டிரம்முக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கடிகாரம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, அவருடைய தண்ணீர் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

"எங்களுக்கு ஒரு வார்த்த முன்னால சொல்லல மில்லுல," என்றார், என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. "காலையில சோத்து வாளியோட போறோம், கேட்டு பூட்டிக் கெடக்கு." கையை நீட்டினார். சுவிட்சை அணைத்தார். ஓஸிலிருந்து தண்ணீர் சொட்டி நின்றது.

பிறகு நடுத்தெருவுக்கு வந்து நின்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். மில்லில் அத்தனை மிஷின் இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை அது.

"ஏ, எல்லாரும் மோட்டாரை நிறுத்துங்கடி! டீச்சர் பரீச்ச எழுதுது!"

"அதுக்கு நாங்க என்ன பண்ணுறது?" என்று ஒருத்தி. "திருவிழாவும் அதுவுமா தண்ணியில்லாமக் கெடக்கவா?" என்று இன்னொருத்தி.

"கை இருக்குல்ல? குழிக்குள்ள எறங்கிக் கையில மோந்து ஊத்து! நானே நிறுத்திட்டேன், ஒனக்கென்ன? நிறுத்துறியா, நான் வந்து பிடுங்கவா?" என்னைப் பார்த்து, "இங்க என்ன வேடிக்க? ஓடு!" என்றார்.

ஓடினேன். நான் வாசற்படி ஏறுவதற்குள் ஒவ்வொரு மோட்டாராக நிற்பது கேட்டது. கடைசியில் ஒன்று மட்டும் பிடிவாதமாக ஓடியது. அக்காவின் குரல் அந்தப் பக்கம் போனது. அதுவும் நின்றது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒழுங்காக அணைக்காமல் நின்றுபோனதால் அது நீலத் திரையைக் காட்டி, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சாவகாசமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அடப் பாவி, இப்போதா உனக்குச் சோதனை! மோடத்தில் ஒரு விளக்கு கண்சிமிட்டியது, அணைந்தது, மறுபடி சிமிட்டியது. கணவர் பின்னால் நின்று என் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. ஒருவழியாக விளக்கு நிலைத்து எரிந்தது. தேர்வுப் பக்கம் திறந்தது. நான் சேமித்தவை அத்தனையும் அப்படியே இருந்தன. அரை மணிக்கும் குறைவாக நேரம் இருந்தது. நான்கு கணக்கு பாக்கி.

என் வாழ்நாளில் அப்படி ஒரு அமைதியில் நான் கணக்குப் போட்டதில்லை. அமைதி என்றால் சத்தமே இல்லாத அமைதி இல்லை. வெளியே குழிகளில் செம்பும் குவளையும் சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மோந்து ஊற்றுகிறார்கள். மோட்டார் என்றால் ஒரு நிமிஷத்தில் நிறைகிற குடத்துக்குக் கையால் எத்தனை தடவை குனிய வேண்டும்! ஒவ்வொரு உரசலும் என் முதுகில் கேட்டது. இவர்களை இப்படி நிறுத்திவைத்துவிட்டு நான் தோற்றுப்போனால் இந்தத் தெருவில் எப்படி நடமாடுவேன் என்று பயம் வந்தது. சிஸ்டரைவிட, அந்தப் பையனைவிட, அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. இரண்டாவது கணக்கில் ஒரு எண்ணைத் தப்பாகப் பிரித்துவிட்டு, அடித்துவிட்டு, மறுபடி போட்டேன். கடைசிக் கணக்கைச் சேமித்தபோது ஒன்றோ இரண்டோ நிமிஷம்தான் மிச்சம்.

பொத்தானை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. தேர்ச்சி என்று வந்தது.

கணவர் ஏதோ கத்தினார். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் குவளைச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

வெளியே வந்தேன். தண்ணீர் நின்றுவிட்டது. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குடங்களை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து முறைத்தாள், ஒருத்தி "முடிஞ்சதா டீச்சர்?" என்றாள். எதிர் வீட்டு வாசலில் நீல டிரம் கால்வாசி கூட நிறையவில்லை. மற்ற இரண்டும் காலியாகவே நின்றன. அக்கா உள்ளே போய்விட்டிருந்தார். எனக்குக் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை மதிப்பெண் பக்கத்தை அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன். எதிர் வீட்டின் முன்னால் தூக்குவாளியோடு வந்த இரண்டு பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். கிரைண்டர் மூடிக் கிடந்தது. கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. சாக்பீஸில் எழுதியிருந்தது: மாவு இல்லை.

அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிக்காத வாசல். புழுதி பறந்தது.

"என்ன டீச்சர், பாஸா?" என்றார், விளக்குமாற்றை நிறுத்தாமல்.

"பாஸ்க்கா." சிலேட்டைக் காட்டினேன். "இது எத்தனை நாளைக்கு?"

"அடுத்த தண்ணி வர்ற மட்டுக்கும். ஊற வைக்கணும், கழுவணும், கிரைண்டரக் கழுவணும். இருக்குறது சோறு பொங்கவும் குடிக்கவும் சரியாப் போகும்." நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார், அன்றைக்கு மாதிரியே. "ஏன், ஓ கம்ப்யூட்டர்ல தண்ணி வருதா? வந்தா எனக்கும் ரெண்டு கொடம் குடு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரிக்கப் போனேன், ஆனால் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நடுரோட்டில், பள்ளிக்கூடத்துச் சேலையில், கையில் டிபன் பையோடு நின்று அழுதேன். "அட, போ! பஸ்ஸு போயிரும்," என்று விளக்குமாற்றை ஆட்டி விரட்டினார்.

பள்ளியில் சிஸ்டர் அச்செடுத்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார். மேசைமேல் இருந்த அந்த விண்ணப்பத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். "ரொம்ப சந்தோஷம் மிஸ். ஜூன்ல லேப் உங்க பொறுப்பு. வேற ஏதாவது வேணுமா? கேபிள், சுவிட்ச், எதுவானாலும் இப்பவே சொல்லுங்க, நான் மேல எழுதுறேன்."

அதைக் கேட்கத்தானே மாதக்கணக்காகப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே கிணறு. விடுதிப் பிள்ளைகள் வாளியைத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள், பாதி தரையில் கொட்டியது.

"சாயங்காலம் கிணத்துல நாலு கொடம் தண்ணி எடுத்துக்கட்டுமா சிஸ்டர்? கொஞ்ச நாளைக்கு. ஆட்டோ வச்சு எடுத்துட்டுப் போயிருவேன்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணியா? லேப்புக்கா மிஸ்?"

"இல்ல சிஸ்டர்," என்றேன். "மாவாட்ட."